கருக்கலைப்பு: முடிவு யாரோடது? மும்பை வாசகர்கள் கேட்டதும் என் பதிலும்

கருத்தடை பத்தி எழுதுனதுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல நிறைய அபார்ஷன் பத்திதான். தாராவி, செம்பூர், முலுண்ட், நவி மும்பைன்னு எல்லா பக்கமும் இருந்து வந்திருக்கு, பேர் எதுவும் போடல. நான் ஒரு மகப்பேறு டாக்டர், சட்டம் என்ன சொல்லுதுங்கறதையும் எது நியாயம்னு எனக்கு படுதுங்கறதையும் ஒண்ணா போட்டு குழப்பாம சொல்ல பாக்குறேன்.

கேள்வி (தாராவி): ரெண்டு குழந்தை இருக்கு டாக்டர், மூணாவது வேணாம்னு நினைக்கிறேன். புருஷன் கையெழுத்து இல்லாம பண்ண மாட்டோம்னு கிளினிக்ல சொல்றாங்க. அப்படி சட்டம் இருக்கா?

பதில்: இல்லம்மா. 18 வயசு முடிஞ்ச பொண்ணுக்கு அவ கையெழுத்து ஒண்ணு போதும், 1971ல வந்த எம்.டி.பி சட்டத்துல, அதாவது மருத்துவ கருக்கலைப்பு சட்டத்துல, அப்படித்தான் இருக்கு. நாளைக்கு வீட்டுக்காரங்க வந்து சண்டை போடுவாங்கங்கற பயத்துல சில இடத்துல கேக்குறாங்க, அது அவங்க பாதுகாப்புக்கு, சட்டத்துக்காக இல்ல. வீட்ல பேசி முடிவெடுக்க முடிஞ்சா நல்லது, ஆனா பேசுறது வேற, பர்மிஷன் வாங்குறது வேற. வேற டாக்டர்கிட்ட போங்க, தள்ளி மட்டும் போடாதீங்க.

கேள்வி (செம்பூர்): கல்யாணம் ஆகல, வேலைக்காக வந்து பிஜில இருக்கேன். ஏழு வாரம். டாக்டர் முதல்ல கேட்டதே "ஹஸ்பெண்ட் எங்க"ன்னுதான், அதோட எழுந்து வந்துட்டேன்.

பதில்: அந்த கேள்விய உங்ககிட்ட கேட்டிருக்கவே கூடாதும்மா. முன்னாடி சட்டத்துல கருத்தடை ஃபெயில் ஆனா "கல்யாணமான பெண், அவள் கணவன்"னு இருந்துச்சு, 2021 திருத்தத்துல அத எடுத்துட்டு "எந்தப் பெண்ணும், அவள் துணையும்"னு போட்டாங்க. 2022 செப்டம்பர் 29 அன்னிக்கு சுப்ரீம் கோர்ட் கல்யாணமானவங்க ஆகாதவங்கன்னு பிரிக்க கூடாதுன்னு தெளிவா சொல்லிடுச்சு. 20 வாரம் வரைக்கும் ஒரு டாக்டர் சம்மதம் போதும், 20ல இருந்து 24 வரைக்கும் சட்டம் சொல்ற சில நிலைமைகள்ல ரெண்டு டாக்டர். உங்க பேர வெளிய சொன்னா அந்த டாக்டர் மேலதான் நடவடிக்கை.

ஆனா எனக்கு உறுத்துற விஷயம் ஒண்ணு இருக்கு. நம்ம நாட்ல அபார்ஷன் இன்னும் குற்றப் பட்டியல்லதான் இருக்கு, முன்னாடி ஐபிசிங்கற பழைய தண்டனை சட்டத்துல 312, இப்ப அதுக்கு பதிலா வந்த பிஎன்எஸ்ல 88. எம்.டி.பி சட்டம் அதுக்கு ஒரு விதிவிலக்கு, அவ்வளவுதான். அதாவது "எனக்கு வேணாம்"னு நீங்க சொல்றது மட்டும் பத்தாது, "சரி, பண்ணலாம்"னு ஒரு டாக்டர் நினைக்கணும். உங்க எதிர்ல உக்காந்திருந்தவருக்கு அந்த கேள்விய கேக்குற தைரியம் அங்கேருந்துதான் வருது.

கேள்வி (முலுண்ட்): ஆறு வாரத்துலயே ஹார்ட்பீட் தெரியுதுன்னு சொல்றீங்க. அப்ப அது உயிர்தானே, கலைச்சா கொலைதானே?

பதில்: உயிர்தான் தம்பி, அத நான் மறுக்க மாட்டேன். ஒரு அம்மாகிட்ட "அது வெறும் சதை"ன்னு சொல்ற டாக்டரயும் எனக்கு பிடிக்காது. ஆனா அதுக்கு எப்பலேருந்து ஒரு முழு மனுஷனோட உரிமை வருதுங்கறதுல மனுஷங்க ஒத்து போனதே இல்ல. கத்தோலிக்க சபை கரு உண்டான நொடிலேருந்துன்னு சொல்லுது, இஸ்லாமிய அறிஞர்கள் பல பேர் 120 நாள்லதான் ஆன்மா வருதுன்னு சொல்றாங்க, நம்ம பெரியவங்க சிசுஹத்தி, அதாவது சிசுவ கொல்றது, மகாபாவம்னு சொல்லி வளர்த்தாங்க. மருத்துவத்துல பாத்தா சுமார் 24 வாரத்துக்கு அப்புறம் என்ஐசியு (பச்சக்குழந்தைங்களுக்கான ஐசியு) இருந்தா வெளிய பொழைக்க வாய்ப்பு வருது. வாரம் ஏற ஏற அந்த உயிரோட பாரமும் ஏறுதுன்னுதான் நான் நினைக்கிறேன்.

இன்னொண்ணும் யோசிங்க. பெத்த புள்ளைக்கு கிட்னி ஃபெயில் ஆனா கூட அப்பாவ புடிச்சு வச்சு கிட்னி எடுக்க எந்த சட்டமும் இல்ல, ஒரு பாட்டில் ரத்தம் கூட கட்டாயப்படுத்தி எடுக்க முடியாது. குடுத்தா பெரிய மனசு, குடுக்கலன்னா நாலு பேர் திட்டலாம், ஆனா ஜெயில்ல போட முடியாது. ஒன்பது மாசம் உடம்பயே குடுன்னு பொண்ண மட்டும் எப்படி கட்டாயப்படுத்துறது? பெல்காம் பக்கத்துலேருந்து அயர்லாந்து போன சவிதா ஹலப்பனவருக்கு 17 வாரத்துல கரு தானா கலைய ஆரம்பிச்சு, காப்பாத்த முடியாதுன்னு தெரிஞ்ச அப்புறமும் சிசுவுக்கு ஹார்ட்பீட் இருக்குன்னு அங்க ஆஸ்பத்திரில அபார்ஷன் பண்ண மாட்டேன்னுட்டாங்க, இன்ஃபெக்ஷன் ஏறி 2012 அக்டோபர் 28ல அந்த பொண்ணு செத்து போச்சு. 2018ல அந்த நாட்டு ஜனங்களே ஓட்டு போட்டு அபார்ஷன் தடைய எடுத்தாங்க, 66 சதவீதத்துக்கு மேல.

24 வாரத்துக்கு அப்புறம் கஷ்டமான கேள்விதான், ஒத்துக்கிறேன். 2023 அக்டோபர்ல ரெண்டு குழந்தைக்கு தாய், பிரசவத்துக்கு அப்புறம் வந்த மனநோய்க்கு மருந்து எடுத்துட்டு இருந்தவங்க, 26 வாரத்துல சுப்ரீம் கோர்ட் போனாங்க. ரெண்டு பெண் நீதிபதிகளுக்குள்ளயே கருத்து பிரிஞ்சது, கடைசில மூணு நீதிபதிகள் முடியாதுன்னுட்டாங்க. அந்த கட்டத்துல சிசுவோட இதயத்த நிறுத்தினாதான் அபார்ஷன், இல்லன்னா அது குறைப்பிரசவம். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்குற கேஸ் அது.

கேள்வி (நவி மும்பை): நான் நர்ஸ், கிறிஸ்டியன். இந்த கேஸ்ல நிக்க மனசு ஒப்பல. பாவமா டாக்டர்?

பதில்: உங்க மனசாட்சிய நான் மதிக்கிறேன் சிஸ்டர். பிரிட்டன் 1967 அபார்ஷன் சட்டத்துல மனசாட்சிப்படி விலகிக்கறதுக்குன்னே ஒரு பிரிவு இருக்கு, நம்ம எம்.டி.பி சட்டத்துல இல்ல, அதனால இன்சார்ஜ்கிட்ட முன்னாடியே சொல்லி டூட்டி மாத்திக்கோங்க. எமர்ஜென்சில மட்டும் விலகக்கூடாது. அந்த பொண்ணு முன்னாடி முகம் சுளிக்கவும் கூடாது.

கேள்வி (மாட்டுங்கா): டபுள் மார்க்கர் ரத்த டெஸ்ட்ல டவுன் சிண்ட்ரோம் ஹை ரிஸ்க்னு வந்திருக்கு. வீட்ல எல்லாரும் கலைச்சிடுன்னு சொல்றாங்க.

பதில்: அவசரப்படாதீங்கம்மா. டபுள் மார்க்கர் வாய்ப்ப மட்டும்தான் சொல்லும், ஹை ரிஸ்க் வந்த பல பேருக்கு குழந்தை நார்மலா பிறந்திருக்கு. ஆம்னியோசென்டெசிஸ் (சிசுவ சுத்தி இருக்குற தண்ணிய எடுத்து பாக்குறது) மாதிரி டெஸ்ட் பண்ணாதான் உறுதியா தெரியும். உறுதியாச்சுன்னா கூட கலைக்கிறதுக்கு முன்னாடி டவுன் குழந்தைய வளக்குற ஒரு குடும்பத்த போய் பாருங்க, அவங்க சந்தோஷத்தயும் பாருங்க களைப்பயும் பாருங்க. "இந்த மாதிரி பிறக்கறதே தப்பு"ன்னு ஊரு சொல்றத மாற்றுத்திறனாளிகள் எதிர்க்குறாங்க, அந்த கோபம் நியாயமானது. ஆனா நமக்கப்புறம் இந்த புள்ளைய யார் பாப்பாங்கன்னு ஒரு தாய் பயப்படறதும் நியாயம்தான், ஏன்னா இங்க ஸ்பெஷல் ஸ்கூலும் தெரபியும் பணம் இருக்குறவங்களுக்குதான் ஒழுங்கா கிடைக்குது. வச்சுக்கிட்டாலும் சரி, வேணாம்னாலும் சரி, நீங்க எடுத்த முடிவா இருக்கட்டும், வீட்டுக்காரங்க எடுத்ததா இருக்க வேணாம்.

கேள்வி (முலுண்ட், அதே தம்பி): எல்லாம் பொண்ணோட இஷ்டம்னா, பெண் குழந்தை வேணாம்னு அவளே சொன்னா ஏன் தடுக்குறீங்க?

பதில்: நல்ல கேள்வி, எங்களுக்குள்ளயே இது பெரிய விவாதம். இந்த சண்டை நம்ம ஊர்லதான் சூடு புடிச்சது, 1980கள்ல பம்பாய் பெண்கள் அமைப்புகள் போராடிதான் 1988ல கருவுல ஆணா பொண்ணானு பாக்குறதுக்கு எதிரா மகாராஷ்டிரா முதல் சட்டம் போட்டுச்சு, 1994ல நாடு முழுக்க வந்தது. 1991ல ஆயிரம் ஆண் குழந்தைக்கு 945 பெண் குழந்தைங்க இருந்தாங்க, 2001ல 927 ஆச்சு. நம்ம பக்கம் உசிலம்பட்டியும் சேலமும் பெண் சிசுக்கொலைய பாத்த ஊருங்க, வேணாம்னு நினைக்கற குழந்தைய அரசு தொட்டில்ல விட்டுட்டு போற தொட்டில் குழந்தை திட்டம் வந்ததே அதுக்குத்தான்.

அந்த சட்டம் அபார்ஷன தடுக்கல தம்பி, ஆணா பொண்ணானு பாக்குறதயும் சொல்றதயும் தடுக்குது. அம்மாவுக்கு குழந்தையே வேணாம்ங்கறது ஒண்ணு, வேணும் ஆனா பொண்ணு வேணாம்ங்கறது வேற, ரெண்டாவதுல பேசறது பெரும்பாலும் மாமியாரும் வரதட்சணையும்தான். சட்டமே கர்ப்பிணிய வீட்டுக்காரங்க கட்டாயப்படுத்தி இருப்பாங்கன்னு எடுத்துக்குது, அவள தண்டிக்கல. இத காரணம் காட்டி பன்னெண்டு வாரம் தாண்டி வர்ற எல்லா பொண்ணயும் சந்தேகமா பாத்து திருப்பி அனுப்பறாங்களே, அது ரெண்டாவது அநியாயம்.

கேள்வி (கல்யாண்): மெடிக்கல்ல மாத்திரை வாங்கி போட்டா யாருக்கும் தெரியாம முடிஞ்சிடும்ல?

பதில்: மாத்திரை நல்ல மருந்துதான், மிஃபெப்ரிஸ்டோன் ஒண்ணு, ஒண்ணு ரெண்டு நாள் கழிச்சு மிசோப்ரோஸ்டால். நம்ம விதிப்படி ஒன்பது வாரம் வரைக்கும், டாக்டர் சீட்டோட. சோனோகிராஃபி ஏன் பாக்க சொல்றோம்னா கரு டியூப்ல இருந்தா இந்த மாத்திரை வேலை செய்யாது, டியூப் வெடிச்சு உயிருக்கே ஆபத்தாகும். ரெண்டு மணி நேரமா மணிக்கு ரெண்டு பேடு நனையுற மாதிரி ரத்தம் போனாலோ, காய்ச்சல் விடாம அடிச்சாலோ, தோள்பட்டை வலியோட மயக்கம் வந்தாலோ உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்கு போங்க. என்ன மாத்திரை, என்னிக்கு போட்டீங்கன்னு மறைக்காம சொல்லிடுங்க.