டெமோ ஓடியது, பங்கு வரவில்லை: பணம் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், பெரம்பூரில் வசிக்கிறேன். பழைய டெலிபோன் வயரிலேயே அதிவேக இன்டர்நெட் தரும் கருவி என்று ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி வியாசர்பாடியில் ஒரு கட்டிடத்தின் கீழ்த்தளத்திலிருந்து மூன்றாம் மாடிக்கு டெமோ காட்டியது. 2024 பிப்ரவரியில் பங்குக்காக 4 லட்சம் கொடுத்தேன். 3 லட்சம் வங்கி வழியாக, 1 லட்சம் ரொக்கமாக. 'பங்குத் தொகை' என்று ரசீதும், மாதம் 8,000 தருவதாகக் கடிதமும் கொடுத்தார்கள். ஐந்து மாதம் வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. பங்கும் வரவில்லை. 'அப்படி ஒரு கருவியே கிடையாது' என்று போலீசில் புகார் கொடுக்கலாமா?

பதில்: ஐயா, அந்த வரியை முதலில் அடித்துவிடுங்கள். கருவி இருக்கிறது. ஜி.ஃபாஸ்ட் என்ற அந்தத் தொழில்நுட்பத்துக்கு 2014-லேயே சர்வதேசத் தர அங்கீகாரம் கிடைத்துவிட்டது. எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு காகிதத்தைக் காட்டினாலே உங்கள் புகார் ஆட்டம் கண்டுவிடும். ஆனால் தாமிரக் கம்பி நூறு, இருநூறு மீட்டரைத் தாண்டினால் அந்த வேகம் மளமளவென்று இறங்கிவிடும். கீழ்த்தளத்திலிருந்து மூன்றாம் மாடிக்கு ஓடிய டெமோ, டெலிபோன் எக்சேஞ்சிலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வீட்டுக்குச் சாட்சி ஆகாது. அவர்கள் தந்த நோட்டீஸில் 'எக்சேஞ்சிலிருந்து நேரடியாக' என்று இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். பொய் வாக்குறுதிக்கு ஆதாரம் அதுதான்.

உங்கள் உண்மையான பலம் ரசீதும் கடிதமும். ரசீதில் 'பங்குத் தொகை' என்று இருக்கிறது. கம்பெனிகள் சட்டம் 2013, 42-வது பிரிவுப்படி பணம் வாங்கிய 60 நாளுக்குள் பங்கு ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த 15 நாளில் திருப்பித் தர வேண்டும். அதுவும் தவறினால் 60-வது நாள் முடிந்ததிலிருந்து 12 சதவீத வட்டி, அதோடு அந்தப் பணம் சட்டப்படி டெபாசிட்டாகவே கருதப்படும். பங்குக்கு ரொக்கம் வாங்குவதையே அதே பிரிவு தடுக்கிறது. அந்த 1 லட்சத்தைப் பற்றித் தயங்காமல் எழுதுங்கள், தவறு அவர்களுடையது.

இன்னொன்று, பங்கு என்றால் லாபம் வந்தால்தான் டிவிடெண்ட், அதாவது லாபத்தில் ஒரு பங்கு. மாதாமாதம் நிச்சயமாக 8,000 என்று எழுதிக் கொடுத்தது பங்கல்ல, டெபாசிட். உங்களைப் போலப் பலரிடமும் இப்படி வாங்கியிருந்தால் தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம் 1997 பொருந்தும். கம்பெனியின் சொத்தையே முடக்க அதில் வழி உண்டு. தண்டனை 10 ஆண்டு வரை. அக்கம்பக்கத்தில் பணம் போட்டவர்களைத் தேடிப் பிடியுங்கள். ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதி, சேர்ந்து போய்ப் பொருளாதாரக் குற்றப்பிரிவில் கொடுங்கள். ஏமாற்றும் எண்ணம் முதலிலேயே இருந்ததாகத் தெரிந்தால், சம்பவம் 2024 ஜூலை 1-க்கு முந்தையது என்பதால் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420-வது பிரிவு (மோசடி) வரும்.

தொழில் நொடித்துப்போனது மட்டும் குற்றமாகாது. அதை நம்பி எதையும் எழுத வேண்டாம்.

வக்கீல் நோட்டீஸை இந்த வாரமே ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். கம்பெனிப் பதிவாளருக்கும் புகார் போகட்டும். போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்று சிவில் வழக்கைத் தள்ளிப்போடாதீர்கள். காலவரம்பு 3 ஆண்டு, பாதுகாப்பாகக் கணக்கிட்டால் 2027 பிப்ரவரிக்கு முன்பே தாக்கல் செய்துவிட வேண்டும்.