பனிமனிதன் குல்லா: கேள்வி பதில்

டிசம்பர் நெருங்கினால் போதும், பிறக்கப்போகும் பேரனுக்கு, பேத்திக்கு, தங்கை பிள்ளைக்கு என்று எல்லோருக்கும் பனிமனிதன் முகம் வைத்த குல்லா வேண்டும். சரி, கேளுங்கள். நிட்டிங் பற்றி மட்டும் கேளுங்கள். குழந்தைக்குச் சளி என்றால் டாக்டரிடம் போங்கள்.

கேள்வி (ஸ்கார்பரோ): ஜனவரியில் தங்கைக்குக் குழந்தை பிறக்கிறது. பனிமனிதன் குல்லா பின்ன ஆசை. எத்தனை ஸ்டிட்ச் (கண்ணி), என்ன அளவு என்று முழுதாகச் சொல்வீர்களா அக்கா?

பதில்: நிறைமாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு பெரும்பாலும் 33 முதல் 37 செ.மீ.க்குள் இருக்கும். குல்லா அதைவிட இரண்டு மூன்று செ.மீ. குறைவாக இருந்தால்தான் தலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அச்சு அசலாக 35 செ.மீ.க்குப் பின்னினால் கண்ணை மறைத்து மூக்குக்கு இறங்கிவிடும். மூக்குக்கு இறங்கும் குல்லா அழகுப் பிரச்சினை இல்லை, மூச்சுப் பிரச்சினை.

டி.கே. எனப்படும் நடுத்தரக் கன நூல், 4 மி.மீ. ஊசி. பத்து செ.மீ.க்கு 22 ஸ்டிட்ச், 30 வரிசை வர வேண்டும். முதலில் ஒரு சிறு துண்டு பின்னி, அலசிக் காயவைத்து, அளந்து பாருங்கள். உங்கள் கை தளர்ந்து 20 ஸ்டிட்ச்தான் வருகிறது என்றால் இதே குல்லா 36 செ.மீ. ஆகிவிடும், ஓரிரண்டு மாதக் குழந்தைக்குத்தான் உதவும்.

வெள்ளை நூலில் 72 ஸ்டிட்ச் காஸ்ட் ஆன் செய்து, அதாவது ஊசியில் ஏற்றி, வட்டமாகச் சேருங்கள். முறுக்கிக்கொள்ளாமல் சேருங்கள். இரண்டு நிட் (நேர்க்கண்ணி), இரண்டு பர்ல் (புரட்டுக்கண்ணி) என்று மாற்றி மாற்றி, இழுபடும் ரிப் பட்டை 8 சுற்று. அப்புறம் வெறும் நிட் 16 சுற்று. இதுதான் பனிமனிதனின் முகம். சிவப்பில் 3 சுற்று, அது அவன் தொப்பியின் நாடா. கறுப்பில் 4 சுற்று. இனிக் கறுப்பிலேயே குறைக்க வேண்டும்: 7 நிட், இரண்டை ஒன்றாக நிட் என்று சுற்று முழுக்க எட்டு தடவை, 64 ஆகும். ஒரு சுற்று சும்மா. அடுத்து 6 நிட், இரண்டை ஒன்றாக, 56. இப்படியே ஒன்றுவிட்டு ஒரு சுற்றில் குறைத்து 32 வந்ததும் ஒரு சுற்று சும்மா பின்னிவிட்டு, அதன் பிறகு எல்லாச் சுற்றிலும் குறையுங்கள். 8 ஸ்டிட்ச் மிஞ்சும்போது நூலை வெட்டி, அந்த எட்டுக்குள்ளும் இரண்டு முறை கோத்து இழுத்து, உட்புறம் முடியுங்கள். மொத்த உயரம் 15 செ.மீ.க்குச் சற்றுக் குறைவாக வரும்.

கடையில் தாராளமாகக் கிடைக்கும் 40 செ.மீ. சர்க்குலர் ஊசியில் இது வராது, குல்லாவின் சுற்றே 33 செ.மீ.தான். இருமுனை ஊசிகள் ஐந்து கொண்ட செட் வாங்குங்கள், அல்லது 80 செ.மீ. சர்க்குலர் ஊசியின் கேபிளை நடுவில் வளையமாக வெளியே இழுத்துவிட்டுப் பின்னும் ‘மேஜிக் லூப்’ போடுங்கள்.

கண், வாய் இரண்டும் கறுப்பு நூலால் எம்பிராய்டரி. மூக்கு ஆரஞ்சு. கேரட் மூக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்றால், தனியாகச் செய்து தைக்காதீர்கள். முகத்தின் துணியிலிருந்தே 5 ஸ்டிட்ச் எடுத்து ஐ-கார்டாக, அதாவது மெல்லிய குழாய்க் கயிறாகப் பின்னி, 5, 3, 1 என்று குறைத்து முடியுங்கள். இரண்டு செ.மீ. நீளம் போதும். குல்லாவோடு ஒட்டிப் பிறந்த மூக்கு கையோடு வராது.

கேள்வி (கோயம்புத்தூர்): கண்ணுக்குக் கறுப்பு பட்டன் வைத்தால் இன்னும் அழகாக இருக்காதா? நான் நன்றாக இறுக்கித் தைப்பேன்.

பதில்: வேண்டாம். நீங்கள் இறுக்கித் தைப்பீர்கள், நூல் தேயும், பட்டன் விழும், அடுத்து அது போகும் இடம் வாய். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பொம்மைகளைச் சோதிக்க ஒரு சிறிய உருளை வைத்திருக்கிறார்கள். அதன் வாய் 31.7 மி.மீ. அகலம். அதற்குள் முழுதாக அடங்கிவிடும் எந்தப் பொருளும் தொண்டையை அடைக்கக்கூடியது என்று கணக்கு. உங்கள் பட்டன் அதில் நான்கைந்து அடங்கும்.

கேள்வி (ஹாமில்டன்): இங்கே குளிர் மைனஸ் பதினைந்து. இரவில் தூங்கும்போதும் போட்டுவிடலாமா?

பதில்: வெளியே மைனஸ் பதினைந்து. தொட்டில் வெளியேவா இருக்கிறது? பிறந்த குழந்தை உடம்புச் சூட்டை வெளியே தள்ளுவதற்குத் தலைதான் முக்கியமான வழி. அதை மூடித் தூங்கவைத்தால் சூடு ஏறும், குல்லா நழுவி முகத்தை மூடவும் செய்யும். பிறந்தவுடன் முதல் சில மணி நேரமும், தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும்போதும் தவிர, வீட்டுக்குள் குழந்தைக்குத் தொப்பி வேண்டாம் என்றே அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2022-இல் வெளியிட்ட தூக்கப் பாதுகாப்புப் பரிந்துரை சொல்கிறது. வாசலைத் தாண்டும்போது போடுங்கள், உள்ளே வந்ததும் கழற்றுங்கள். கார் சூடேறியதும் அங்கேயும் கழற்றுங்கள்.

கேள்வி (சென்னை): எங்களுக்குப் பனியே இல்லை. போட்டோ ஷூட்டுக்காக மட்டும் வேண்டும்.

பதில்: காட்டன் நூல், போட்டோ எடுக்கும் ஐந்து நிமிடம், பக்கத்தில் ஒரு பெரியவர். முடிந்ததும் கழற்றிவிடுங்கள். காட்டன் கம்பளி மாதிரி இழுபடாது, அதனால் 76 ஸ்டிட்ச் போடுங்கள். குறைக்கத் தொடங்கும் முன் ஒரு சுற்றில் நான்கைக் குறைத்து 72-க்கு வந்துவிடலாம்.

கேள்வி (ஊட்டி): கம்பளி குழந்தைக்குக் குத்தும் என்று மாமியார் அக்ரிலிக்தான் வாங்கச் சொல்கிறார். எது நல்லது மேடம்?

பதில்: ஊட்டியில் இருந்துகொண்டு கம்பளியைச் சந்தேகப்படலாமா! உங்கள் ஊருக்கு வெளியே சாண்டிநல்லாவில் ஆட்டின ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. நீலகிரி ஆடு பத்தொன்பதாம் நூற்றாண்டில் மெரினோ உள்ளிட்ட வெளிநாட்டு ஆடுகளோடு கலந்து உருவான இனம், மென்மையான கம்பளிக்குப் பேர்போனது.

கம்பளி என்பதால் குத்துவதில்லை, இழை தடிமனாக இருந்தால் குத்தும். சுமார் 30 மைக்ரானைத் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தாண்டிய இழை முனைகள்தான் தோலைச் சீண்டுகின்றன. நல்ல மெரினோ 20-ஐ ஒட்டி இருக்கும். லேபிளில் ‘சூப்பர்வாஷ்’ என்று இருந்தால் வாஷிங் மெஷினில் போட்டாலும் சுருங்காது. சாதாரணக் கம்பளியைச் சுடுநீரில் கசக்கினால் குல்லா எலுமிச்சைக்கு ஆகிவிடும். அக்ரிலிக் தப்பில்லை, விலை குறைவு, துவைக்கச் சுலபம். ஆனால் வியர்வையை உறிஞ்சாது, இஸ்திரி பட்டால் உருகும். மொஹேர், அங்கோரா, ஜிகினா நூல் மட்டும் பக்கத்திலேயே வரக்கூடாது. அந்த முடி மூக்குக்குள் போகும்.

கேள்வி (லண்டன்): உச்சியில் நூல்பந்து வைத்த குட்டிக் குல்லா டிசைன் ஒன்று எடுத்துப் பின்னினேன். முஷ்டி அளவுகூட வரவில்லை. நூல் தப்பா?

பதில்: நூலும் சரி, கையும் சரி. தலைதான் தப்பு. நீங்கள் பின்னியது ஸ்மூதி என்ற பழபான பாட்டிலுக்கான குல்லா. இன்னசென்ட் என்ற பழபானக் கம்பெனி 2003-இல் தொடங்கிய திட்டம் அது. பின்னி அனுப்பிய குல்லா பாட்டில் தலையில் ஏறியது, குல்லா போட்டு விற்ற ஒவ்வொரு பாட்டிலுக்கும் முதியோருக்கான அறக்கட்டளைக்குக் கொஞ்சம் காசு போனது. இப்போதும் வாங்குகிறார்களா என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

கேள்வி (ஒஸ்லோ): முகம் வேண்டாம் அக்கா. நீலக் குல்லாவில் வெள்ளைப் பனித்துகள் போட வேண்டும். இங்கே கையுறையில் வரும் எட்டிதழ் நட்சத்திரத்தையே எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: தாராளமாக. அது நார்வேயின் செல்பு ஊர் ரோஜா. 1857-இல் மாரித் குல்ட்செத் எம்ஸ்தாத் என்ற இளம்பெண் அந்த வடிவத்தைக் கையுறையில் பின்னியதிலிருந்து அந்த ஊருக்கே அது அடையாளமாகிவிட்டது. 72 ஸ்டிட்சில் 18 ஸ்டிட்சுக்கு ஒன்றாக நான்கு பூ வரும்.

கேள்வி (மதுரை): குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் இயற்பியல் ஆசிரியர். பனித்துகளுக்கு ஆறு கைகள். எட்டு கை வைத்த பனி எங்கேயும் கிடையாது. பிள்ளை பிறக்கும்போதே தப்பான பாடமா?

பதில்: சார், பிறந்த குழந்தை தன் குல்லாவைப் பார்க்கவே முடியாது! ஆனால் நீங்கள் சொல்வது சரி. பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கிக்கொள்வதால்தான் ஆறு கை. 1611-இலேயே வானியலாளர் கெப்ளர் ஏன் எப்போதும் ஆறு என்று கேட்டு ஒரு சிறு நூல் எழுதினார். வெர்மான்ட் மாநிலத்து விவசாயி வில்சன் பென்ட்லி 1885-இல் மைக்ராஸ்கோப்பில் கேமராவைப் பொருத்திப் பனித்துகளைப் படம் எடுத்துக் காட்டினார். அபூர்வமாக இரண்டு ஒட்டிப் பன்னிரண்டு கை வரும். எட்டு வராது. ஆனால் செல்புக்காரர்கள் அதைப் பனி என்று சொல்லி விற்கவில்லையே, பூ என்றுதானே சொன்னார்கள்?

கேள்வி (ஒஸ்லோ): சார் சொன்னால் சொல்லட்டும். நிட்டிங்கில் ஆறு கை வராது, கட்டம் போட்ட தாளில் எட்டுதான் வரும் என்று இங்கே ஒரு பாட்டி சொன்னார்.

பதில்: பாட்டி பேச்சைத் தட்டக் கூடாது, ஆனால் இதில் தட்டுகிறேன். கட்டம் போட்ட தாள் சதுரம். நிட் ஸ்டிட்ச் சதுரம் இல்லை, உயரத்தைவிட அகலம் அதிகம். நம் அளவில் ஒரு ஸ்டிட்ச் 4.5 மி.மீ. அகலம், 3.3 மி.மீ. உயரம். அதனால் ஒரு வரிசைக்கு ஒரு ஸ்டிட்ச் தள்ளிப் போகும் சாய்கோடு தாளில் 45 டிகிரி, துணியில் சுமார் 36 டிகிரிதான். இப்போது நெட்டாக ஒரு கோடு, அதன் நடுவே இரண்டு சாய்கோடு போடுங்கள். படுக்கைக் கோடு வேண்டாம். ஆறு கை வந்துவிட்டது! கைகளுக்கு இடையே கோணம் 54, 54, 72. அறுபதுக்கு இவ்வளவு பக்கத்தில் வந்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

கேள்வி (மதுரை): 54 வேறு, 60 வேறு.

பதில்: சார், பிள்ளை தலையில் ஏறியதும் துணி அகலவாக்கில் இழுபட்டு உங்கள் கோணம் இன்னும் மாறும். குல்லாவுக்கு மார்க் போடாதீர்கள்.

கேள்வி (பெங்களூரு): இந்தச் சண்டை பிடித்திருக்கிறது. ஆறு கைக்கு எண்ணிக்கை கொடுங்கள்.

பதில்: நடுப்புள்ளியிலிருந்து மேலே 7, கீழே 7 வரிசை; சாய்வில் ஒவ்வொரு பக்கமும் 4. மொத்தம் 9 ஸ்டிட்ச் அகலம், 15 வரிசை உயரம். இடையில் 3 ஸ்டிட்ச் விட்டால் 12-க்கு ஒன்று, 72-இல் ஆறு பனித்துகள். ஆறுக்கு ஆறு, மதுரை சார் இதையாவது ரசிக்கட்டும்.

ஆனால் இரண்டு நூலைச் சேர்த்துப் பின்னாதீர்கள். மேல்நுனியிலும் கீழ்நுனியிலும் ஒரே ஒரு வெள்ளை ஸ்டிட்ச்தான், அடுத்த வெள்ளை 11 ஸ்டிட்ச் தள்ளி. உட்புறம் அந்த நூல் ஐந்து செ.மீ. தொங்கும். குழந்தை விரல் அதில் மாட்டிச் சுற்றிக்கொண்டால் ரத்த ஓட்டமே நின்றுபோகும். நீலக் குல்லாவை முழுதாகப் பின்னி முடித்துவிட்டு, தையல் ஊசியில் வெள்ளை நூல் கோத்து, ஸ்டிட்ச் போன வழியிலேயே மேலே ஓட்டுங்கள். ஒரு கை முடிந்ததும் அடுத்ததுக்குத் தாவாமல், ஏற்கெனவே போட்டதன் முதுகுக்குள் ஊசியை நுழைத்துப் போங்கள்.

கேள்வி (துபாய்): பிறந்த குழந்தைக்கு எத்தனை ஸ்டிட்ச் போட வேண்டும்?

பதில்: முதல் பதில்.

கேள்வி (திருச்சி): இதையே குரோஷேவில் சொல்லித் தர முடியுமா?

பதில்: குரோஷே எனக்குக் கை வராது. தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி (சேலம்): பட்டன் வேண்டாம் என்றீர்கள். ஆடும் பிளாஸ்டிக் கண்? பசை போட்டு ஒட்டுவது?

பதில்: பட்டனைவிட மோசம். பசை ஒரு துவைப்புக்குத் தாங்காது. நூல், நூல், நூல்.

கேள்வி (பாரிஸ்): காது மடல் வைத்து, தாடைக்குக் கீழே கட்ட இரண்டு கயிறு?

பதில்: மடல் வைக்கலாம், கயிறு கூடாது. ஏழு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் உடையில் தலைமூடி, கழுத்துப் பக்கம் கயிறே கூடாது என்று ஐரோப்பியத் தரவிதி ஈ.என். 14682 சொல்கிறது. கழுத்தைச் சுற்றிய கயிறு எங்காவது மாட்டினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டாம். ரிப் இருக்கிறது, அது பிடித்துக்கொள்ளும்.

கேள்வி (நாகர்கோவில்): எனக்கு 19 வயது. அக்காவின் குழந்தைக்குப் பின்ன ஆரம்பித்தேன். பெண்பிள்ளை வேலை என்று வீட்டில் சிரிக்கிறார்கள்.

பதில்: தம்பி, பெரு நாட்டில் டிட்டிகாக்கா ஏரியில் டாக்கிலே என்று ஒரு தீவு. அங்கே குல்லா பின்னுவது ஆண்கள்தான். பையன்கள் சின்ன வயதிலேயே கற்றுக்கொள்கிறார்கள். கல்யாணமானவரா இல்லையா என்பதைக் குல்லாவே சொல்லிவிடும். அந்த நெசவுக் கலை யுனெஸ்கோ பட்டியலிலும் இருக்கிறது. சிரிப்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள், சொல்லிக்கொண்டே ரிப்பை முடியுங்கள்.

கேள்வி (பர்மிங்ஹாம்): குல்லா உச்சியில் பெரிய நூல்பந்து (பாம்பாம்) வைக்கலாமா? சின்ன பட்டனில் மாட்டிக் கழற்றுகிற மாதிரி விற்கிறார்கள்.

பதில்: மறுபடியும் பட்டன்! கழற்றுகிற எதுவும் வேண்டாம். குல்லா நூலிலேயே சிறியதாக, நெருக்கமாகச் செய்து, நடுக்கட்டு நூலை உள்ளே இழுத்துப் பல தடவை தையுங்கள். பிறகு இழுத்துப் பாருங்கள். ஒரு இழை கையோடு வந்தாலும் பாம்பாமை எடுத்துவிடுங்கள்.

கேள்வி (ஸ்கார்பரோ): முதலில் கேட்டது நான்தான் அக்கா. ஸ்கேனில் இரட்டைக் குழந்தை என்று சொல்லிவிட்டார்கள்! வெள்ளை 50 கிராம் ஒரு பந்துதான் வாங்கியிருக்கிறேன்.

பதில்: வாழ்த்துகள். போதும். ஒரு குல்லா முழுதுக்குமே 25 கிராமுக்குள்தான் ஆகும், அதிலும் மேல்பாதி கறுப்பு, சிவப்பு. ஆனால் இரட்டையர் கொஞ்சம் முன்னதாகவே, சிறியதாகவே பிறப்பது வழக்கம். ஒன்றை 64 ஸ்டிட்சில் பின்னி வையுங்கள், குறைத்தலை 6 நிட்டில் தொடங்கினால் கணக்கு சரியாக வரும். மற்றதைப் பிறந்த பிறகு தலையை அளந்துகொண்டு ஆரம்பியுங்கள்.