சிக்கலான மருத்துவ அமைப்பைச் சீர்திருத்த அரசியல்வாதிகளால் முடியுமா?

சுகாதாரச் சீர்திருத்தம் என்றால் புதுக் கட்டடம் திறப்பது இல்லை. மருந்தும் ஆளும் பணமும் நோயாளியிடம் போய்ச் சேரும் வழியைச் சரிசெய்வது. அரசியல்வாதியால் தனியாக முடியாது, அவர் இல்லாமலும் முடியாது. பாபநாசம் அணையைத் திறக்க அமைச்சர் உத்தரவு போடலாம், ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் போக வாய்க்காலில் எங்கே தூர் அடைத்திருக்கிறது என்று தெரிந்த ஆள் வேண்டும்.

1994-ல் வந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தையே பாருங்கள். அதைத் தொடங்கும் முடிவு அரசுடையது, ஆனால் மருந்தை மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்கில் அடுக்கி, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து அதில் பதிந்து அனுப்புகிற வேலை அதிகாரிகளும் மருந்தாளுநர்களும் பார்ப்பது. அம்பாசமுத்திரம் பக்கத்துப் பாட்டி கைக்குச் சுகர் மாத்திரை அட்டை வருவது இப்படித்தான், ஆட்சி மாறியும் இது நிற்கவில்லை.

அப்புறம், டாக்டரையே அமைச்சராக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வைத்தியம் பார்ப்பது வேறு, டெண்டரும் ஆள் நியமனமும் பட்ஜெட்டும் பார்ப்பது வேறு.