காலி ட்யூபிலிருந்து தொடங்கலாம்

வணக்கம் ஐயா,

ராஜபாளையம் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். எங்கள் துறையில் டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் இயந்திரம் ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் உறை போட்டே கிடக்கிறது. மாணவர்கள் மூன்று நாள், ஐந்து நாள் பயிலரங்குகளுக்குப் பணம் கட்டிப் போகிறார்கள், சான்றிதழோடு திரும்புகிறார்கள். வந்தபிறகு தனியாக டிஎன்ஏ பிரித்தெடுக்கச் சொன்னால் திணறுகிறார்கள். சூழலியலுக்கும் பரிணாம ஆய்வுக்கும் வேண்டிய மூலக்கூறு முறைகளை இவர்களுக்கு எப்படித்தான் சொல்லிக்கொடுப்பது?

இன்னொன்று. என் மாணவன் ஒருவன் சத்தத்தை வைத்தே தவளை என்ன இனம் என்று சொல்லிவிடுவான். "டிஎன்ஏ தெரியாவிட்டால் இனிமேல் இந்தத் துறையில் இடமே இல்லையாமே மேடம்" என்று கேட்கிறான். அவனை ஆய்வகத்துக்குள் இழுப்பது சரியா?

எம்.

அன்புள்ள எம்.,

பயிலரங்குக்கு அனுப்புவதில் தவறில்லை. ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் நடத்துபவர்களிடம் இரண்டு விஷயம் கேட்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவரும் தன் கையாலேயே பைப்பெட் (மிகச் சிறிய அளவில் திரவம் அளந்து விடும் கருவி) பிடிப்பார்களா? டிஎன்ஏ சேர்க்காத ட்யூப் ஒன்றும் கூடவே ஓடுமா? இரண்டாவது கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால் அங்கே போக வேண்டாம்.

என் அனுபவத்தில், ஒரு மாணவரை ஆய்வாளராக மாற்றுவது அந்தக் காலி ட்யூப்தான். நெகட்டிவ் கண்ட்ரோல் என்போம். பெருக்க வேண்டிய இடத்தைக் காட்டும் பிரைமர், நகலெடுக்கும் என்சைம், உப்புக் கரைசல் எல்லாம் போட்டு, டிஎன்ஏவுக்குப் பதிலாகத் தண்ணீர் விடுவது. பெருகிய டிஎன்ஏ ஜெல்லில் பேண்ட் எனப்படும் கோடாகத் தெரியும்; இந்த ட்யூபின் இடம் மட்டும் வெறுமையாக இருக்க வேண்டும். பிசிஆரில் ஒவ்வொரு சுற்றிலும் டிஎன்ஏ இரட்டிப்பாகிறது. கணக்குப்படி 30 சுற்றில் ஒரே ஒரு மூலக்கூறு நூறு கோடியைத் தாண்டிவிடும். விரலிலிருந்து உதிர்ந்த தோல் துணுக்கும் அப்படியே பெருகும். மாணவர் அதைத் தன் தவளை என்று நம்பிவிடுவார்.

கல்லூரி மாணவர்கள் மட்டும்தான் இப்படி ஏமாறுவார்கள் என்றில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த 8 கோடி ஆண்டுப் பழைய எலும்புத் துண்டுகளிலிருந்து டிஎன்ஏ எடுத்துவிட்டதாக 1994-ல் 'சயன்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. டைனோசராக இருக்கலாம் என்றார்கள். மறு ஆண்டே மற்ற ஆய்வாளர்கள் அந்த டிஎன்ஏவின் எழுத்து வரிசையை அலசிப் பார்த்து, அது மனித டிஎன்ஏ என்று காட்டினார்கள். அதிலும் ஒரு விசேஷம் உண்டு. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் மரபணுக்கள் சில, பரிணாமத்தின் போக்கில் நகலாகி உட்கருவுக்குள் போய் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வேலை செய்யாத நகல்கள். அவை தம் போக்கில் மாறிவிட்டதால் மனித மைட்டோகாண்ட்ரியா வரிசை போலத் தெரியவில்லை. வேறு ஏதோ விலங்கு என்று நினைக்க இடம் கொடுத்துவிட்டது.

இதே பொறி உங்கள் மாணவர்களுக்கும் காத்திருக்கிறது. இன அடையாளத்துக்கு நாம் வழக்கமாக எடுக்கும் சிஓஐ மரபணுவும் மைட்டோகாண்ட்ரியாவில் உள்ளதுதான். வரிசை கையில் வந்ததும் அதைப் புரதமாக மொழிபெயர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். புரதம் இங்கே முடிகிறது என்று சொல்லும் நிறுத்தக் குறி நடுவிலேயே வந்தால் உட்கரு நகலோ என்று சந்தேகப்பட வேண்டும். ஆனால் மூன்றெழுத்துக் குறிகளை அமினோ அமிலமாக மாற்றும் பொது அட்டவணையை மென்பொருளில் அப்படியே விட்டுவிட்டால் பொய்யான நிறுத்தக் குறிகள் வரும். முதுகெலும்பி மைட்டோகாண்ட்ரியாவுக்கு அட்டவணை தனி. பொது அட்டவணையில் நிறுத்து என்று சொல்லும் யுஜிஏ, அங்கே டிரிப்டோஃபான் என்ற அமினோ அமிலத்தைக் குறிக்கும். இதை ஒருமுறை தடுக்கி விழுந்து கற்றவர் மறக்கமாட்டார். பயிலரங்கில் இதற்கெல்லாம் நேரம் இருக்காது, நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும்.

கை நடுக்கத்துக்கு வழி எளிது. முதல் வாரம் டிஎன்ஏ பக்கமே போகாதீர்கள். வண்ணத் தண்ணீரும் எடைத்தராசும் போதும். 100 மைக்ரோலிட்டர் தண்ணீர் 0.1 கிராம் இருக்க வேண்டும். பத்து முறை விட்டுப் பத்து முறையும் அதே எடை வரும்வரை விடட்டும். பிறகு 2 மைக்ரோலிட்டருக்கு இறங்கலாம். ஒரே அறைதான் என்றால் இரண்டு மேசைகளைப் பிரித்து வையுங்கள்: பிசிஆர் கலப்பதற்கு ஒன்று, ஓடி முடித்ததைத் திறப்பதற்கு இன்னொன்று. இரண்டாவது மேசையின் பைப்பெட் எந்தக் காரணத்துக்காகவும் முதல் மேசைக்கு வரக்கூடாது.

அப்புறம், உங்கள் துறை அருங்காட்சியகத்து ஃபார்மலின் ஜாடிகள். ஃபார்மலின் உருவத்தைக் காப்பாற்றும், டிஎன்ஏவைக் கெடுத்துவிடும். இனி எந்த மாதிரியையும் அதில் போடுமுன் சிறு துண்டு தசையோ துடுப்போ வெட்டி 95 சதவீத எத்தனாலில் போட்டு வையுங்கள். பெயர், ஊர், தேதி எல்லாவற்றையும் பென்சிலால் காகிதத்தில் எழுதி ட்யூபுக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்து ஓடிவிடும். அதன்பின் அது எந்த மலையிலிருந்து வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

சரி, அந்தத் தவளைப் பையன். அவன் கேட்டது என்னைக் கொஞ்சம் வருத்தப்படுத்தியது. யாரோ அவனைத் தவறாகப் பயமுறுத்தியிருக்கிறார்கள். 2003-ல் இடுக்கியிலிருந்து ஊதா நிறத் தவளை ஒன்றை பிஜுவும் ஃப்ராங்கி போசுய்ட்டும் 'நேச்சர்' இதழில் விவரித்தார்கள். அதன் நெருங்கிய உறவினர்கள் கடல் தாண்டி செஷல்ஸ் தீவுகளில் இருப்பதை டிஎன்ஏ காட்டியது. அதே பேரினத்தில் இன்னொரு தவளையை 2017-ல் வேறு ஆய்வாளர்கள் விவரித்தார்கள். கிடைத்த இடம் உங்களுக்குப் பக்கத்தில்தான், ஸ்ரீவில்லிபுத்தூர் மலைச்சரிவு. பறவைகளையும் இயற்கையையும் ஆராயும் கோவை சாகான் நிறுவனத்தில் பணியாற்றி, 2014-ல் அகத்தியமலையில் கள ஆய்வின்போது விழுந்து இறந்த ஊர்வன ஆய்வாளர் பூபதியின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

அதைத் தனி இனம் என்று சொல்ல டிஎன்ஏவோடு, கூப்பிடும் சத்தமும் தலைப்பிரட்டையும் இனப்பெருக்கக் காலமும் துணை நின்றன. கேரளத்துத் தவளை தென்மேற்குப் பருவமழைக்கு வெளியே வரும். இது வடகிழக்குப் பருவமழைக்கு வரும். ஆண்டின் பெரும்பகுதி மண்ணுக்குள் கிடக்கும் ஒரு பிராணியை எப்போது, எந்த ஓடையில் போய்த் தேடுவது என்பது எந்த இயந்திரத்துக்கும் தெரியாது. உங்கள் மாணவனைப் போன்ற காது உள்ளவருக்குத்தான் தெரியும். அவனை உள்ளே கூட்டி வாருங்கள், கட்டாயம் பைப்பெட் பிடிக்கட்டும். ஆனால் மழைக்காலத்தில் ஆய்வகத்தில் உட்கார வைத்துவிடாதீர்கள்.

முறையை மட்டும் நம்பிப் போனவர்களின் கதையையும் பார்த்திருக்கிறோம். 1990-களில், டிஎன்ஏவின் ஏதோ சில இடங்களைப் பெருக்கி அந்தப் பேண்டுகளை ஒப்பிடும் ஆர்ஏபிடி என்ற முறை வந்தது. செலவு குறைவு, உடனே பேண்ட் தெரியும். நம் பல்கலைக்கழகங்களில் அதை வைத்து ஏராளமான ஆய்வேடுகள் எழுதப்பட்டன. ஓர் ஆய்வகத்தில் வந்த பேண்ட் இன்னோர் ஆய்வகத்தில் வராது என்பது தெரிந்ததும், அதைத் தவிர வேறு தெரியாதவர்கள் நடுவழியில் நின்றார்கள். தெளிவான கேள்வியை வைத்திருந்தவர்கள் அடுத்த முறைக்கு மாறிப் போய்விட்டார்கள்.

காட்டுக்குள் மாதிரி எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும், எம்.எஸ்சி. முடிவதற்குள் கிடைக்கும் என்று நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. அதனால் முதல் திட்டத்துக்குச் சந்தை மீன் எடுத்துக்கொள்ளுங்கள். கெண்டை, கெளுத்தி, விரால், எது கிடைக்கிறதோ அது. படம் எடுத்து, துடுப்பு வெட்டி, மீனையும் பத்திரப்படுத்திவிட்டு, சிஓஐ துண்டைப் பெருக்கி, எழுத்து வரிசையைப் படித்துத் தரும் சீக்வென்சிங்குக்கு வெளியே அனுப்புங்கள். வந்த வரிசையை ஜென்பேங்க் என்ற பொது டிஎன்ஏ தரவுத்தளத்தில் ஒப்பிடும்போது சில மீன்களுக்கு வேறு பெயர் காட்டலாம். அங்கேயும் தப்பான பெயரில் பதிவுகள் உண்டு. அப்போது ஜாடியிலுள்ள மீனை எடுத்து, முள்ளையும் செதிலையும் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கும்.

வெறும் எழுத்து வரிசையை மட்டும் அனுப்பினால் போதாது, டிஎன்ஏவின் நான்கு எழுத்துக்கும் தனித்தனி நிறமாக நான்கு வண்ணக் கோடுகள் உள்ள மூலக் கோப்பும் வேண்டும் என்று சீக்வென்சிங் நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். ஓரிடத்தில் இரண்டு நிறம் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பியிருந்தால் அங்கே எந்த எழுத்து என்பது சந்தேகம்தான்; அதை மாணவரே கண்ணால் பார்க்கட்டும்.

அன்புடன்