நாலு மா நஞ்சை, ஒரு லட்சம் முன்பணம்: அண்ணனிடம் என்ன பேசுவது?

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் பாபநாசம் பக்கம். பிழைப்புக்காகத் திருப்பூரில் இருக்கிறேன். சேமிப்பை நிலத்தில் போடலாமென்று ஊருக்குப் பக்கத்திலேயே நாலு மா, அதாவது சுமார் 132 சென்ட், நஞ்சை பார்த்தேன். மா பத்து லட்சம் என்று தரகர் வீட்டில் வைத்துப் பேசி, தை மாதம் ஒரு லட்சம் ரொக்கமாகக் கொடுத்தேன். எழுத்து எதுவும் இல்லை. நிலம் விற்கிறவர்களின் இறந்துபோன அப்பா வாங்கியது. அவர்களின் அம்மா இருக்கிறார். ஒரே மகன்தான் பேசுகிறார், அவரை அண்ணன் என்று கூப்பிடுகிறேன். கட்டிக்கொடுத்த இரண்டு தங்கைகளுக்கும் "சீர் செஞ்சாச்சு, பங்கு கிடையாது" என்கிறார். வயலில் வேறொருவர் பயிர் வைக்கிறார். கேட்டால் "அவரு நம்ம ஆளுதான்" என்கிறார். இப்போது, "வேற பார்ட்டி பன்னெண்டுக்குக் கேக்குறாங்க. நீங்க பதினொண்ணு கொடுங்க. இன்னும் அஞ்சு லட்சம் ரொக்கமா வெச்சா அக்ரிமெண்ட் போட்டுடலாம்" என்கிறார். பின்னால் மனை போட்டு விற்கலாம் என்று தரகர் சொல்கிறார். எனக்குப் பேரம் பேசவே வராது, யார் எது சொன்னாலும் தலையாட்டிவிடுவேன். இப்போது வழக்குப் போட முடியுமா? அடுத்த வாரம் ஊருக்குப் போகும்போது என்ன பேசுவது?

பதில்: வழக்குப் போட முடியும். வாய்ப்பேச்சில் முடிந்த கிரய ஒப்பந்தமும் சட்டப்படி ஒப்பந்தம்தான். ஆனால் விலை, பரப்பு, தேதி, யார் யார் விற்கிறார்கள் என்ற ஒவ்வொன்றையும் நீங்கள் சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டும். உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி தரகர். அவர் யாருக்காகப் பேசுவார் என்று உங்களுக்கே தெரியாது. அதனால் இன்றைய நிலையில் வழக்கைவிட அடுத்த வாரப் பேச்சுதான் உங்களுக்குப் பலன் தரும். அதைச் சரியாகப் பேச வேண்டும்.

பேரம் என்றாலே விலையைக் குறைக்கும் சாமர்த்தியம் என்று நினைத்துப் பயப்படுகிறீர்கள். நிலம் வாங்குவதில் அந்தச் சாமர்த்தியத்துக்குக் கடைசி இடம்தான். சரியான ஆளிடம் சரியான கேள்வியைக் கேட்டு, கிடைத்த பதிலை எழுத்தில் நிறுத்துவதுதான் முக்கியம். தலையாட்டுகிறவர்களுக்கும் இது கைவரும். நாலு கேள்விகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, அவற்றுக்குப் பதில் வரும்வரை பதினொன்றா பன்னிரண்டா என்ற பேச்சுக்கே போகாதீர்கள்.

முதல் கேள்வி தங்கைகளைப் பற்றியது. நீங்கள் இந்துக் குடும்பத்தைப் பற்றித்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கி, உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, மகன், இரண்டு மகள்கள் என நால்வருக்கும் சமபங்கு. அப்படியானால் நாலு மாவில் அண்ணனுக்கு உரியது ஒரே ஒரு மா. மீதி மூன்று மாவை விற்க அவருக்கு உரிமையே இல்லை. சீர் செய்ததால் பங்கு போய்விடாது. ஒருவேளை இது பூர்வீகச் சொத்து என்று தெரியவந்தால் தமிழ்நாட்டின் 1989 திருத்தமும், மகளைப் பிறப்பிலேயே பங்காளியாக்கிய 2005 மத்தியத் திருத்தமும் வரும். 2020இல் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்துக்குத் தந்த விளக்கமும் பெண்களுக்குச் சாதகமானதே. எப்படிப் பார்த்தாலும் தங்கைகளின் கையெழுத்து இல்லாமல் இந்த நிலத்தை வாங்காதீர்கள். பத்து வருஷம் கழித்து ஒரு பாகப்பிரிவினை வழக்கில் உங்கள் பெயர் பிரதிவாதியாக வரும். அப்படி வந்தவர்கள் தஞ்சாவூர், கும்பகோணம் நீதிமன்ற வாசல்களில் நிறையப் பேர் நிற்கிறார்கள்.

இதை அண்ணனிடம் எப்படிச் சொல்வது? "உங்களுக்கு உரிமை இல்லை" என்று ஆரம்பித்தால் அந்த இடத்திலேயே பேச்சு முறிந்துவிடும். "அண்ணே, உங்க வார்த்தைல எனக்குச் சந்தேகம் இல்ல. நாளைக்கு நான் பேங்க்குல லோனுக்குப் போனா வாரிசுச் சான்றுல இருக்கற எல்லார் கையெழுத்தும் கேப்பாங்க. அம்மாவும் தங்கச்சிங்களும் பத்திரத்துல விக்கிறவங்களாவே சேந்துட்டா எனக்கு நிம்மதி" என்று சொல்லுங்கள். இது பொய்யில்லை, வங்கி கேட்கத்தான் செய்யும். தங்கைகள் அண்ணனுக்கு ஏற்கெனவே எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னால், பங்கை விட்டுக்கொடுத்ததாகப் பதிவு செய்த விடுதலைப் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். வெள்ளைத்தாளில் எழுதியது போதாது. பவர் (அவர்கள் சார்பில் விற்க அதிகாரம் தரும் பத்திரம்) இருக்கிறது என்றால் அதுவும் பதிவானதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். முடிந்தால் தங்கைகளோடு ஒருமுறை நேரில் பேசிவிடுங்கள். விலை எவ்வளவு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறதா என்பது அந்தப் பேச்சிலேயே புரிந்துவிடும்.

இரண்டாவது கேள்வி, வயலில் பயிர் வைப்பவர் யார் என்பது, இன்னும் முக்கியமானது. அதை அண்ணனிடம் கேட்காதீர்கள். வயலில் நிற்பவரிடம் போய்க் கேளுங்கள். காவிரிப் படுகையில் குத்தகைச் சாகுபடி பரம்பரை பரம்பரையாக ஊறியது. தன் உடலுழைப்பிலோ குடும்பத்தார் உழைப்பிலோ அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்குப் பயிர் செய்கிறவருக்கு 1955ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் காப்பு தருகிறது. சட்டம் சொல்லும் காரணங்களுக்காக, வருவாய் நீதிமன்றத்தின் வழியாக அல்லாமல் அவரை வெளியேற்ற முடியாது. நிலம் கைமாறினாலும் அந்தக் காப்பு கூடவே வரும். விற்றவரின் இடத்தில் நீங்கள் போய் நிற்பீர்கள். "எனக்கு அவர் இருப்பது தெரியாது" என்றும் சொல்ல முடியாது. ஒரு நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறதோ அவருக்கு என்ன உரிமை இருந்தாலும் அது வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே சொத்து மாற்றச் சட்டத்தின் 3ஆவது பிரிவு கருதிக்கொள்கிறது. விசாரிக்க வேண்டியது உங்கள் பொறுப்பு.

அதனால் ஒரு காலை நேரம் தனியாக வரப்புக்குப் போங்கள். தரகர் வேண்டாம். "அண்ணே, இந்த நெலத்த நான் வாங்கலாம்னு இருக்கேன். நீங்க எத்தனை வருஷமாப் பயிர் வெக்கிறீங்க? குத்தகை நெல்லாக் குடுக்குறீங்களா, பணமா? இந்த வருஷம் தாளடி எப்ப அறுப்பீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பதிலை அவர் முழுசாகச் சொல்லி முடிக்கட்டும். கூலிக்குப் பார்க்கிறார் என்றால் அவர் வாயாலேயே வரும். குத்தகை என்றால் அதுவும் வரும். பிறகு வட்டாட்சியர் அலுவலகத்தில், 1969 சட்டப்படி வைத்திருக்கும் குத்தகை உரிமைப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பெயர் இல்லாததாலேயே உரிமை இல்லை என்று ஆகிவிடாது. குத்தகைதாரருக்கு நிலத்தில் ஒரு பகுதியோ பணமோ கொடுத்து இணக்கமாக விடுவிப்பது நம் பக்கத்து வழக்கம். அந்தச் செலவு விற்பவருடையது என்பதை இப்போதே பேசுங்கள். கிரயப் பத்திரத்தில் அவரும் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும், பதிவேட்டில் பெயர் இருந்தால் நீக்கிய உத்தரவும் வேண்டும். அவரை ஏமாற்றியோ மிரட்டியோ எழுப்பித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அந்த நிலமே வேண்டாம் என்று எழுந்து வந்துவிடுங்கள். தலைமுறையாக உழைத்த மனிதரின் வயிற்றில் அடித்து வரும் சொத்து உங்களுக்கு வேண்டாம். நிலத்தின் மூலையில் விவசாயத் தொழிலாளி யாராவது குடிசை போட்டிருந்தால் அதையும் கேட்டு வையுங்கள். 1971ஆம் ஆண்டு குடியிருப்புச் சட்டம் அந்த மனையை அவருக்கே உரியதாக்கியிருக்கலாம்.

மூன்றாவது கேள்வி பரப்பு. தஞ்சைப் பக்கத்துக் கணக்கில் 100 குழி ஒரு மா. ஒரு குழி 144 சதுர அடி. ஆக ஒரு மா 14,400 சதுர அடி, ஏறக்குறைய 33 சென்ட். நாலு மா என்றால் 132 சென்ட் இருக்க வேண்டும். பட்டாவிலோ ஹெக்டேரில் இருக்கும். அதில் 0.50.5 (அதாவது 0.505 ஹெக்டேர்) என்று போட்டிருந்தால் அது சுமார் 125 சென்ட்தான். ஏழு சென்ட் குறைகிறது. மா பத்து லட்சம் விலையில் இது இரண்டு லட்சத்துக்கு மேல். மா ஒன்றுக்கு ஐம்பதாயிரம் குறைக்கச் சொல்லி நாள் முழுக்கக் கெஞ்சினாலும் இவ்வளவுதான் மிச்சமாகும். "மா கணக்கு வேண்டாம்ணே. சர்வேயர வெச்சு அளப்போம். அளந்து வர்ற சென்ட்டுக்கு விலை போட்டுக்கலாம்" என்று சொல்லுங்கள். இதில் யாருக்கும் மனக்குறை வராது. அதோடு பாசன வாய்க்காலும் வண்டிப் பாதையும் புல வரைபடத்தில் இருக்கின்றனவா, அல்லது பக்கத்து வயல்காரர் தயவில் நடக்கின்றனவா என்றும் பாருங்கள். மேட்டூர் திறந்தும் உங்கள் மடைக்குத் தண்ணீர் வரவில்லையென்றால் நஞ்சை விலை கொடுத்ததில் அர்த்தமில்லை.

நாலாவது கேள்வியைத் தரகரிடம் கேளுங்கள்: "மனை போடலாம்னு சொல்றீங்களே, எந்த உத்தரவை வெச்சு?" பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு நடைமுறைக்கு வந்த 2016 முதல் அங்கீகாரமில்லாத மனையைப் புதிதாகப் பதிய முடியாது. நஞ்சையை மாற்ற நகர் ஊரமைப்பு அனுமதி, ஆட்சியர் இசைவு என்று நீண்ட வழி இருக்கிறது. விக்கிரவாண்டி – தஞ்சாவூர் நாலுவழிச் சாலை வந்ததைக் காட்டிச் சொல்லப்படும் எதிர்கால விலைக்கு இன்றைக்கே பணம் கொடுக்காதீர்கள். நஞ்சை விலைக்கு நஞ்சையாக வாங்குங்கள். என் மனசைச் சொல்வதானால், வாய்க்கால் பாயும் வயல் வயலாகவே இருக்கட்டும்.

இனி அந்த "வேற பார்ட்டி". உண்மையாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நிஜமா என்று ஆராயாதீர்கள், கோபப்படாதீர்கள், விலையை உடனே ஏற்றவும் ஏற்றாதீர்கள். "நல்லதுண்ணே. நான் பத்துன்னு பேசினேன், அதுல நிக்கிறேன். எல்லார் கையெழுத்தும், அளவும், குத்தகை விவகாரமும் தீர்ந்த அன்னிக்கு முழுப்பணமும் பேங்க்ல தயாரா இருக்கும்" என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்து வரும் மௌனத்தை நீங்கள் நிரப்ப வேண்டாம். தலையாட்டும் பழக்கமுள்ளவர்கள் அந்த அரை நிமிஷத்தில்தான் ஐம்பதாயிரத்தை விட்டுக்கொடுக்கிறார்கள். விலையில் கொஞ்சம் ஏறித்தான் ஆக வேண்டுமென்றால் பதிலுக்கு ஒன்று கேளுங்கள்: அளவைச் செலவு அவருடையது, அறுவடை முடிந்து இந்தத் தேதிக்குள் சுவாதீனம் (நிலத்தை ஒப்படைப்பது), இப்படி ஏதாவது. உங்களால் அதிகபட்சம் எவ்வளவு முடியும் என்பதைத் தரகரிடம் சொல்லவே சொல்லாதீர்கள்.

ஐந்து லட்சம் ரொக்கம் கூடாது. நிலத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் வாங்கியவர் மேல்தான் விழும். இரு தரப்புக்கும் விவசாய வருமானம் மட்டுமே இருந்து, வரிக்குரிய வேறு வருமானம் இல்லாவிட்டால் விலக்கு உண்டு. நீங்கள் சம்பளக்காரர் என்றால் அது உதவாது. இதை மிரட்டலாகச் சொல்லாமல், "உங்களுக்குத்தாண்ணே பிரச்சினை வரும், அக்கவுண்ட்ல போட்டுடுறேன்" என்று அவர் நலனாகச் சொல்லுங்கள். கொடுத்துவிட்ட ஒரு லட்சத்தை எழுதும்போது நடந்தபடியே எழுதுங்கள், தேதி மாற்றி ஜோடிக்க வேண்டாம். பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டச் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். தகராறு வந்தால் எழுத்தில் இல்லாத பணத்தைத் திரும்பக் கேட்பது பெரும்பாடு.

பேசிவிட்டு வந்த அன்று இரவே அண்ணனுக்கு ஒரு வாட்ஸ்அப் அனுப்புங்கள். இந்த மாதிரி: "வணக்கம் அண்ணே. தை மாசம் மா 10 லட்சம்னு பேசி நான் கொடுத்த 1 லட்சம் முன்பணம் உங்ககிட்ட இருக்கு. அளந்து வர்ற பரப்புக்கு விலை, அம்மாவும் தங்கச்சிங்களும் கையெழுத்து, குத்தகைய நீங்க தீர்த்துக் கொடுக்கறதுன்னு இன்னிக்குப் பேசினோம். ஏதாவது மாறியிருந்தா சொல்லுங்க." அவர் "சரி தம்பி" என்று போட்டால் அது உங்கள் கையில் முதல் எழுத்து. அந்தப் போனை மாற்றாமல் வைத்திருங்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவுப்படி சான்றிதழோடு அதை நீதிமன்றத்தில் தரலாம். உங்கள் வார்த்தைக்கும் இதே கதிதான். "இப்ப கையில பணமில்ல, பாப்போம்" என்று அலட்சியமாக ஒரு வரி அனுப்பினால், நீங்கள் கிரயத்துக்குத் தயாராக இல்லை என்று எதிர்த்தரப்பு வக்கீல் அதையே காட்டுவார். வாங்குபவர் கடைசிவரை தயாராகவும் விருப்பமாகவும் இருந்தார் என்று நிரூபிப்பது வழக்கின் உயிர்நாடி.

நாலுக்கும் பதில் வந்தால் கிரய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் 1.12.2012 முதல் அதற்குப் பதிவு கட்டாயம். பதியாத ஒப்பந்தத்தை வைத்தும் கிரயம் கேட்டு வழக்குத் தொடரலாம் என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் பதிந்தால்தான் அது வில்லங்கச் சான்றில் ஏறும்; அந்த வேறு பார்ட்டி பிறகு வாங்கினாலும் "எனக்குத் தெரியாது" என்று தப்ப முடியாது. கிரயத்துக்குக் கடைசித் தேதி, யாரால் தடைப்பட்டால் முன்பணம் யாருக்கு என்ற இரண்டையும் அதில் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். அந்தத் தேதியிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடர வேண்டும். தேதியே குறிக்காவிட்டால், மறுத்தார் என்று தெரிந்த நாளிலிருந்து.

தங்கைகளைச் சேர்க்க முடியாது, எழுதித் தர முடியாது என்று அண்ணன் சொன்னால் அத்தோடு பேச்சை நிறுத்திவிட்டு, ஒரு லட்சத்தை வங்கிக் கணக்கில் திருப்பிப் போடச் சொல்லுங்கள். இழுத்தடித்தால் பாபநாசத்திலேயே வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுங்கள். வழக்குக்கு முன்பே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். மக்கள் நீதிமன்றத்தில் முடிவானால் அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். போகும்போது அந்த வாட்ஸ்அப்பையும், தை மாதம் நீங்கள் ஒரு லட்சம் எடுத்த வங்கிக் கணக்கு விவரத்தையும் கொண்டு போங்கள்.