அம்மாவை இழந்த 13 வயதுப் பெண்ணுக்கு எந்த நாவல்?

அக்கா புற்றுநோயில் போய் மூன்று மாதம் ஆகிறது, 13 வயது மகள் இன்னும் அழவே இல்லை, ஆங்கில நாவல் ஏதாவது கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கலாம். முதலில் நீங்கள் முழுதாகப் படித்துவிடுங்கள்.

பேட்ரிக் நெஸ் எழுதி 2011இல் வந்த ‘எ மான்ஸ்டர் கால்ஸ்’ அவள் நிலைக்கு மிக நெருக்கம். 13 வயது கானர், புற்றுநோயில் அம்மா, இரவு 12.07க்கு யூ (yew) என்ற மரத்தின் உருவில் வரும் அரக்கன். ‘இது எப்படியாவது முடிந்துவிடாதா’ என்று தான் நினைத்ததைச் சொல்ல முடியாமல் அவன் படும் பாடுதான் கதையின் உயிர். நோயாளியோடு நாள் கணக்கில் இருந்த பிள்ளைகளுக்கு இந்தக் குற்ற உணர்வு வரும், வெளியே சொல்லமாட்டார்கள். கானரின் அம்மா பிழைக்கமாட்டாள் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். யூ மரத்திலிருந்து எடுத்த மருந்து வரும் இடத்தில் நம்பிக்கை ஏறும். தெரியாமல் படித்தால் முடிவில் இரண்டாம் முறை அடி விழும்.

மருத்துவமனைக் காட்சிகள் இப்போது தாங்காது என்று பட்டால், கேதரின் பேட்டர்சனின் ‘பிரிட்ஜ் டு டெரபிதியா’ (1977). அதில் இறப்பது ஜெஸ் என்ற சிறுவனின் தோழி, திடீரென்று, கதையின் பிற்பகுதியில். ஜெஸ் முதலில் நம்ப மறுக்கிறான், பிறகு கோபப்படுகிறான்.

பரிசாகக் கட்டிக் கொடுக்காதீர்கள். மேசையில் வைத்து, ‘நான் படிச்சேன், வேணும்னா எடுத்துக்கோ’ என்றால் போதும். ‘படிச்சியா?’ என்று கேட்டால் வீட்டுப்பாடமாகிவிடும். பாதியில் மூடினால் விட்டுவிடுங்கள். தூக்கமில்லாமை, சாப்பிட மறுப்பது வாரக்கணக்கில் நீண்டால் புத்தகத்தை நம்பியிருக்காமல் குழந்தைகள் மனநல மருத்துவரைப் பாருங்கள்.