நண்பருக்கு எச்.டி.எல். 62, எனக்கு 35: இனம்தான் காரணமா?

கேள்வி: எனக்கு வயது 71. நியூ ஜெர்சியில் மகன் வீட்டில் இருக்கிறேன். என்னோடு தினமும் நடக்க வரும் கறுப்பின அமெரிக்க நண்பருக்கும் இதே வயதுதான். என்னைவிடப் பருமனானவர். அவருக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 196, எச்.டி.எல். 62, டிரைகிளிசரைடு 85, எல்.டி.எல். 117. எனக்கு முறையே 178, 35, 215, 100. மொத்தமும் எல்.டி.எல்.லும் எனக்குத்தான் குறைவு. ஆனாலும் டாக்டர் என்னிடம்தான் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை பற்றிப் பேசுகிறார். ஏன்?

பதில்: எச்.டி.எல். என்பது ‘நல்ல’ கொலஸ்ட்ரால், எல்.டி.எல். ‘கெட்ட’ கொலஸ்ட்ரால், டிரைகிளிசரைடு ரத்தத்தில் ஓடும் இன்னொரு வகைக் கொழுப்பு. முதலில் ஒரு கழித்தல் கணக்கு. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்.லைக் கழியுங்கள். உங்களுக்கு 143, நண்பருக்கு 134. ரத்தக்குழாய்ச் சுவரில் படியக்கூடிய கொழுப்பு மொத்தமும் இந்த எண்ணுக்குள் அடங்கும். அது உங்களுக்குத்தான் கூடுதல்.

எல்.டி.எல். 100 என்பது பெரும்பாலும் நேரடியாக அளந்த எண் அல்ல. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்து வருவது. டிரைகிளிசரைடு ஏற ஏற இந்தக் கணக்கு எல்.டி.எல்.லைக் குறைத்துக் காட்டும். 400-ஐத் தாண்டினால் பயன்படவே பயன்படாது. இன்னொரு சிக்கலும் உண்டு. டிரைகிளிசரைடு அதிகமுள்ளவர்களுக்கு கொலஸ்ட்ராலைச் சுமந்து செல்லும் எல்.டி.எல். துகள்கள் சிறுத்து அடர்ந்திருக்கும். அதனால் அதே 100 மில்லிகிராமில் துகள்களின் எண்ணிக்கை கூடும். துகள் எண்ணிக்கையைத் தெரிந்துகொள்ள அப்போ-பி பரிசோதனை இருக்கிறது. உங்கள் நிலையில் அதைக் கேட்டு வாங்குவது நல்லது.

இனி இனம். நீங்கள் கண்ட வேறுபாடு தற்செயல் இல்லை. அமெரிக்கக் கறுப்பின ஆண்களுக்கு, வெள்ளை இனத்தவரைவிடச் சராசரியாக டிரைகிளிசரைடு குறைவு, எச்.டி.எல். அதிகம். டிரைகிளிசரைடை உடைக்கும் லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் நொதி அவர்களிடம் சுறுசுறுப்பாக வேலை செய்கிறது. ஈரலிலும் குடலைச் சுற்றியும் சேரும் கொழுப்பும் குறைவு. தெற்காசிய ஆண்களுக்கு நேர்மாறு: உடல் எடை சாதாரணமாக இருந்தாலும் வயிற்றிலும் ஈரலிலும் கொழுப்பு சேர்கிறது. ஈரல் டிரைகிளிசரைடு நிறைந்த துகள்களை ரத்தத்தில் கொட்டுகிறது. அந்த டிரைகிளிசரைடு எச்.டி.எல்.லுக்குள் புகுந்தால் எச்.டி.எல். சீக்கிரம் சிதைந்து போகிறது. 215-உம் 35-உம் சேர்ந்தே வந்தது இதனால்தான்.

ஆனால் நண்பரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. கறுப்பினத்தவருக்கு இன்சுலின் எதிர்ப்பு (இன்சுலினுக்கு உடல் சரியாக வேலை செய்யாத நிலை) இருக்கும்போதும் டிரைகிளிசரைடு இயல்பாகவே தெரியும். அந்த எண்ணை நம்பினால் சர்க்கரை நோய் வருவது தெரியாமல் போகும். எச்.பி.ஏ.1சி.யும் (சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு) ரத்த அழுத்தமும் பார்ப்பது அவருக்கு அவசியம். உயர்ந்த எச்.டி.எல். அவருக்குக் கவசம் என்றும் எண்ண வேண்டாம். ரிகார்ட்ஸ் என்ற பெரிய அமெரிக்க ஆய்வில் அப்படிப்பட்ட பாதுகாப்பு தெரியவில்லை. பரம்பரையாக வரும் லிப்போபுரோட்டீன்-ஏ என்ற துகள் ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் சராசரியில் மிக அதிகம், தெற்காசியரிடமும் வெள்ளையரைவிட அதிகம். இருவருமே வாழ்நாளில் ஒரு முறையாவது அதைப் பார்த்துவிட வேண்டும். டெசிலிட்டருக்கு 50 மில்லிகிராம் அல்லது லிட்டருக்கு 125 நானோமோல் தாண்டினால் ஆபத்துக் கணக்கில் சேரும்.

எல்லாவற்றையும் இனத்தின் தலையில் போடவும் கூடாது. 1965-இல் தொடங்கிய நி-ஹான்-சான் ஆய்வு ஜப்பானிய ஆண்களை ஜப்பானிலும் ஹொனலூலுவிலும் சான் பிரான்சிஸ்கோ பகுதியிலும் பின்தொடர்ந்தது. ஒரே வம்சாவளிதான், ஆனால் கிழக்கே போகப் போகக் கொலஸ்ட்ராலும் மாரடைப்பும் கூடின. சாப்பாடும் வாழ்க்கையும் மாறியதன் விளைவு அது. மறுபக்கம், பி.சி.எஸ்.கே.9 மரபணு மாற்றத்தால் பிறவியிலேயே எல்.டி.எல். குறைந்தவர்களை 2006-இல் வெளியான ஓர் ஆய்வு கறுப்பினத்தவரிடையே கண்டது. அவர்கள் நூற்றுக்கு 2.6 பேர்தான். சராசரியை வைத்து ஒரு தனி மனிதரின் ரத்தத்தைச் சொல்லிவிட முடியாது.

வயதையும் பாருங்கள். எழுபதுக்கு மேல் ஆண்களுக்குக் கொலஸ்ட்ரால் தானாகவே இறங்கும். ஹொனலூலுவில் 71 முதல் 93 வயது வரையிலான ஜப்பானிய வம்சாவளி ஆண்களிடம், கொலஸ்ட்ரால் மிகக் குறைவாக இருந்தவர்களே அதிகம் இறந்ததாக 2001-இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. குறைந்த கொலஸ்ட்ரால் கொன்றது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். உள்ளே வளரும் நோயும் உடல் மெலிவும் அதைக் கீழே இழுக்கலாம். முயற்சி செய்யாமல் எடை குறைந்து, கொலஸ்ட்ராலும் சரிந்தால் மகிழாமல் டாக்டரைப் பாருங்கள்.

மாத்திரைக்கு முன் சில வேலைகள். காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ நடந்து சில வாரங்களுக்குள் எடுத்த ரிப்போர்ட்டை நம்ப வேண்டாம். 10–12 மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து, முந்தின நாள் மது தொடாமல் மறுபடி பாருங்கள். டி.எஸ்.எச். (தைராய்டுப் பரிசோதனை), எச்.பி.ஏ.1சி. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் சர்க்கரை கூடினாலும் டிரைகிளிசரைடு ஏறும். சாப்பிடும் மருந்துகளின் பட்டியலைக் காட்டுங்கள். தயசைடு நீர்மாத்திரை, சில பீட்டா பிளாக்கர்கள் (ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் மருந்து), ஸ்டீராய்டு, புராஸ்டேட் புற்றுநோய்க்கான ஹார்மோன் ஊசி எல்லாமே கொழுப்பு அளவைக் குலைப்பவை. இடுப்புச் சுற்றளவு 90 செ.மீ.க்கு மேல் இருக்கிறதா என்று டேப் வைத்துப் பாருங்கள். உணவில் எண்ணெயைவிட முதலில் குறைக்க வேண்டியது வெள்ளைச் சோறு, பழச்சாறு, இனிப்பு. உங்கள் டிரைகிளிசரைடு அதற்குத்தான் வேகமாக இறங்கும்.

டாக்டர் சொன்னதற்கு அடிப்படை இருக்கிறது. 2018-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், தெற்காசிய வம்சாவளியையும் 175-க்குக் குறையாமல் நீடிக்கும் டிரைகிளிசரைடையும் ஆபத்தைக் கூட்டும் காரணிகளாகச் சேர்த்திருக்கிறது. முடிவெடுக்கத் தயக்கமாக இருந்தால் இதயத்துக்குக் கால்சியம் ஸ்கேன் (இதய ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த கால்சியத்தை அளப்பது) கேளுங்கள். சுழியம் வந்தால், சர்க்கரையோ புகைப்பழக்கமோ நெருங்கிய உறவில் இளவயது மாரடைப்போ இல்லாதவர்கள் மாத்திரையைத் தள்ளிப்போடலாம். ஸ்டாட்டின் வகையில் ரோசுவாஸ்டாட்டின் எழுதினால் ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: இந்தியர் உள்ளிட்ட ஆசியர் ரத்தத்தில் அந்த மருந்து சுமார் இரு மடங்கு சேரும் என்பதால், அமெரிக்காவில் மருந்தின் குறிப்பேடே 5 மில்லிகிராமில் தொடங்கச் சொல்கிறது. தொடங்கி 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபரிசோதனை.